ஊரே பாடநூல்

நுழையும்முன்

கல்வி என்றவுடன் நூல், பலகை, தேர்வு ஆகிய மூன்றும் நினைவுக்கு வருகின்றன. கைவினையும் ஊர்ச்செய்தியும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆயினும், தச்சர் பட்டறையும் ஆற்றங்கரையும் தறிமேடையும் பாடமாகி, அப்பாடத்தை மாணவர்களே எழுதி, எழுத்துக் கோத்து, அச்சிட்டு, ஊரார் கையில் கொடுத்த பள்ளியொன்று பிரான்சு நாட்டில் இருந்தது. அப்பள்ளியை உருவாக்கிய ஆசிரியரின் முயற்சியையும், அதற்கு அவர் கொடுத்த விலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையூரின் ஆசிரியர்

பிரான்சின் தென்கிழக்கு மூலையில் ஆல்ப்ஸ் மலைத்தொடர் மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கும் பகுதியில் கார் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1896ஆம் ஆண்டு உழவர் குடும்பத்தில் பிறந்தவர் செலஸ்டின் ஃபிரெனே. ஆடு மேய்த்தலும் வயல்வேலையும் அவரது இளமைக்கால அனுபவங்கள். ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த வேளையில் முதல் உலகப்போர் மூண்டது. அவர் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1917ஆம் ஆண்டில் துப்பாக்கிக் குண்டு அவரது நுரையீரலைத் துளைத்தது. உயிர் பிழைத்தாலும் நெடுங்காலம் மருத்துவமனைகளில் கழிக்க நேர்ந்தது. மூச்சுத் திணறல் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

1920ஆம் ஆண்டு, பார்-சுர்-லூ என்னும் மலையூரின் பள்ளியில் அவர் உதவி ஆசிரியராகப் பணியேற்றார். லூ ஆற்றின் மேலே அமைந்த அவ்வூர், கசப்பு ஆரஞ்சு மரங்களுக்குப் பெயர்பெற்றது. நறுமணப் பொருள் தொழிலுக்குப் புகழ்வாய்ந்த கிராஸ் நகரம் அதன் அருகில் உள்ளது. பள்ளியோ வசதி குறைந்தது. நீண்ட பலகை இருக்கைகள், உயர்ந்த மேடை, கரும்பலகை, வாசிப்பு நூல் ஆகியவையே அங்கிருந்தன.

அக்காலப் பள்ளிகளில் ஆசிரியரின் குரலே முதன்மைக் கருவியாக இருந்தது. உரக்கப் பேசியே பாடம் நடத்த வேண்டும். உரக்கப் பேசியே ஒழுங்கைக் காக்க வேண்டும். காயம்பட்ட நுரையீரலைக் கொண்ட ஆசிரியரால் இது இயலவில்லை. சிறிது நேரம் பேசினாலே அவருக்கு இளைப்பு ஏற்பட்டது. பணியைக் கைவிடவும் அவருக்கு விருப்பமில்லை. ஆசிரியர் குறைவாகப் பேசி, மாணவர் மிகுதியாகச் செய்யும் முறையொன்றைக் கண்டறிய வேண்டிய தேவை இவ்வாறு எழுந்தது. உடற்குறை அம்முறையைத் தேடத் தூண்டியது. அதனைக் கல்விக் கொள்கையாக வளர்த்தெடுத்தது அவரது சிந்தனை.

நடந்து கற்ற வகுப்பு

வாசிப்பு நூலில் உள்ள சொற்றொடர்கள் அவ்வூர்ச் சிறுவர்களின் வாழ்வோடு ஒட்டவில்லை என்பதை ஃபிரெனே விரைவில் உணர்ந்தார். பாடம் நடக்கும்போது அவர்களின் கண்கள் சாளரத்துக்கு வெளியே இருந்தன. எனவே, பிற்பகல்களில் வகுப்பையே வெளியே அழைத்துச் சென்றார். மாணவர்கள் வயல் வரப்புகளிலும் ஆற்றங்கரையிலும் நடந்தனர், தறியில் நெய்பவர், மரம் இழைப்பவர், இரும்பு அடிப்பவர் ஆகியோரின் வேலையை நின்று கவனித்தனர், ஐயங்களைக் கேட்டனர். வகுப்பறைக்குத் திரும்பியதும், கண்டவற்றை அவர்களே தம் சொற்களில் கூற, ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். அன்றைய வாசிப்புப் பாடம் அதுவே.

ஒருநாள் சிறுவர்கள் நத்தைகளைக் கொண்டுவந்து பலகையின்மீது பந்தயம் விட்டனர். எந்த நத்தை முந்தும் என்று வகுப்பே ஆரவாரித்தது. ஆசிரியர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பந்தயம் முடிந்ததும் அந்நிகழ்ச்சியே எழுத்துப் பாடமாயிற்று. அந்நாள் வரை வாசிப்பதற்குத் தயங்கிய சிறுவர்களும் தங்கள் நத்தையைப் பற்றிய வரிகளை ஆவலுடன் படித்தனர். எழுத்து என்பது தமக்குத் தெரிந்த ஒன்றைப் பிறருக்குச் சொல்லும் வழி என்னும் உண்மை அவர்களுக்கு அப்போது விளங்கியது.

எனினும், இம்முறையில் ஒரு குறை இருந்தது. பலகையில் எழுதியது மாலையில் அழிக்கப்பட்டது. மறுநாள் மீண்டும் வாசிப்பு நூலையே திறக்க வேண்டியிருந்தது. மாணவரின் சொல் நிலைக்கவும் வேண்டும். அது வகுப்பறைச் சுவரைத் தாண்டிச் செல்லவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் வழி தேடினார் ஃபிரெனே.

1923ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் நடைபெற்ற புதிய கல்வி மாநாட்டில் அவர் கலந்துகொண்டார். ஐரோப்பாவின் பெயர்பெற்ற கல்வியாளர்கள் பலர் அங்கே உரையாற்றினர். அவர்களின் கருத்துகள் அவரைக் கவர்ந்தன. ஆனால், அக்கருத்துகளைச் செயற்படுத்திய பள்ளிகள் பெரும்பாலும் செல்வமும் இடவசதியும் உடையவை. உழவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஏற்ற, விலை குறைந்த கருவி வேண்டும் என்னும் எண்ணத்தோடு அவர் ஊர் திரும்பினார்.

அச்சுப்பொறி வந்தது

அக்கருவி ஓர் அச்சுப்பொறியாக அமைந்தது. 1924ஆம் ஆண்டளவில் சிறியதொரு கையச்சுப் பொறி பார்-சுர்-லூ பள்ளிக்கு வந்தது. அதனைச் சிறுவர்களே இயக்க முடிந்தது.

வகுப்பின் நடைமுறை பின்வருமாறு அமைந்தது. மாணவர் தாம் விரும்பிய பொருளைப் பற்றி விரும்பியபோது எழுதுவர். தலைப்பை ஆசிரியர் கொடுப்பதில்லை. எழுதியவற்றை வகுப்பின்முன் உரக்கப் படிப்பர். அச்சேற வேண்டிய கட்டுரை எது என்பதை வகுப்பினர் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். தேர்ந்தெடுத்த கட்டுரை கரும்பலகையில் எழுதப்படும். அதன் பிழைகளையும் தெளிவற்ற இடங்களையும் அனைவரும் சேர்ந்து திருத்துவர். எழுதியவரின் கருத்து மாறாமல் மொழி மட்டும் செம்மை பெறும். அதன்பின் ஒரு குழுவினர் எழுத்துக் கோப்பர். மற்றொரு குழுவினர் மை தடவி அச்சிடுவர். வேறு சிலர் படம் வரைந்து சேர்ப்பர்.

எழுத்துக் கோத்தல் பொறுமை வேண்டும் பணியாகும். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி உலோகத் துண்டு. அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்துக்கும் ஒரு துண்டு உண்டு. அதனை வைக்க மறந்தால் இரு சொற்களும் ஒட்டிக்கொள்ளும். வரி நிரம்பாவிட்டால் எழுத்துகள் சரியும். மிகுந்தால் சட்டத்தில் அடங்கா. ஓர் எழுத்து மாறி நின்றால் அப்பிழை எல்லாப் படிகளிலும் அச்சாகும். ஆகவே, அச்சிடுவதற்குமுன் மெய்ப்புத் திருத்துவது கட்டாயமாயிற்று. அச்சு முடிந்தபின், எழுத்துகளைத் துடைத்து, அவற்றுக்குரிய அறைகளில் மீண்டும் போட வேண்டும். இதில் சோம்பினால் மறுநாள் வேலை தடைப்படும்.

இப்பணியினூடே மாணவர் பெற்ற கல்வி பலவகைப்பட்டது. எழுத்துப்பிழை நீக்குதல் ஆசிரியரின் கட்டளையாக இல்லாமல் தொழிலின் தேவையாயிற்று. எத்தனை படிகள் அச்சிடுவது, அதற்கு எவ்வளவு தாள் வேண்டும், தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவென்ன என்பன கணக்குப் பாடமாயின. ஒருவர் கோத்த வரி கோணினால் அடுத்தவரின் உழைப்பும் வீணாகும் என்பதால் கூட்டுப் பொறுப்பு வளர்ந்தது. மெல்லக் கற்பவர் என்று ஒதுக்கப்பட்ட மாணவர், கைத்திறன் மிக்கவராக இருந்தால், அச்சுக்கூடத்தில் பிறருக்கு வழிகாட்டும் நிலை பெற்றார்.

அச்சிட்ட தாள்கள் நாள்தோறும் சேர்ந்தன. அவற்றைத் தொகுத்து ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு நூலாக்கிக்கொண்டனர். அதற்கு 'வாழ்க்கை நூல்' என்று பெயர். அதே தாள்கள் ஒன்றுசேர்ந்து பள்ளி இதழாகிப் பெற்றோரிடமும் சென்றன. ஊர்ச்செய்தியை ஊராரே படிப்பதால், அதில் உள்ளது உண்மையா என்பதை எவரும் உடனே சொல்லிவிட முடியும். அளவு தவறினாலோ பெயர் மாறினாலோ மறுநாள் காலையில் திருத்தம் வந்துசேரும். செய்தியின் முதல் இலக்கணமாகிய உண்மையை மாணவர்கள் இவ்வாறு பழகினர்.

தெரிந்து தெளிவோம்

தென்னாப்பிரிக்காவில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ், தொடக்கத்தில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. 1904ஆம் ஆண்டு அதன் அச்சகத்தைக் காந்தியடிகள் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு மாற்றினார். அங்கு வாழ்ந்தோர் அனைவரும் அச்சுக்கோக்கப் பழக வேண்டும் என்பது நடைமுறையாக இருந்தது. காந்தியடிகளும் அதனைக் கற்றார்.

தொலைவூர்த் தோழர்கள்

பிரான்சின் மறுகோடியில் அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிய பிரிட்டனிப் பகுதியில் ட்ரேகங் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர் ரெனே டேனியல், ஃபிரெனேயின் முறையை அறிந்து தம் பள்ளியிலும் அச்சிடத் தொடங்கினார். இரு பள்ளிகளும் தத்தம் அச்சுத்தாள்களை அஞ்சலில் பரிமாறிக்கொண்டன. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருந்த இரு வகுப்புகள் நாள்தோறும் ஒன்றையொன்று படித்தன.

மலையூர்ச் சிறுவருக்குக் கடற்கரை வாழ்வும், கடலோரச் சிறுவருக்கு மலைச்சரிவின் தோட்டங்களும் பாடமாயின. தாள்களோடு கடிதங்களும், தத்தம் ஊரின் பொருள்கள் அடங்கிய பொட்டலங்களும் சென்றன. தம் ஊரில் எவரும் கேளாத வினாக்களைத் தொலைவூர்த் தோழர்கள் கேட்டனர். அவற்றுக்கு விடையளிப்பதற்காகச் சிறுவர்கள் மீண்டும் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் சென்று விவரம் திரட்டினர். பழக்கத்தால் கண்ணில் படாமற்போன சொந்த ஊர், அயலாரின் வினாவால் புதிதாகத் தெரிந்தது. புவியியல் பாடத்தின் பயனும் அதுவேயன்றோ!

இம்முறையை விளக்கி ஃபிரெனே எழுதிய 'பள்ளியில் அச்சகம்' என்னும் நூல் 1927ஆம் ஆண்டு வெளிவந்தது. அச்சிடும் ஆசிரியர்கள் அதே ஆண்டில் டூர் நகரில் கூடினர். பின்னர்க் கூட்டுறவு அமைப்பு ஒன்று உருவாகி, அச்சுக் கருவிகளையும் கற்றல் ஏடுகளையும் பள்ளிகளுக்கு வழங்கியது. 1932ஆம் ஆண்டுமுதல் மாணவர் தாமே படித்து ஆராய்வதற்குரிய சிறுநூல் வரிசையும் வெளிவரத் தொடங்கியது.

சுவரிதழும் வகுப்புக் கூட்டமும்

ஃபிரெனேயின் பள்ளி முறையில் மற்றொரு கூறு சுவரிதழ். வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். 'குறை கூறுகிறேன்', 'பாராட்டுகிறேன்', 'விரும்புகிறேன்' என்பன போன்ற தலைப்புகளில் அது பகுக்கப்பட்டிருக்கும். மாணவர் தம் கருத்தை உரிய பகுதியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெயரில்லாக் குறைகூறலுக்கு அங்கே இடமில்லை.

வார இறுதியில் வகுப்பு முழுவதும் கூடும். மாணவருள் ஒருவர் தலைமை ஏற்பார். சுவரிதழின் ஒவ்வொரு வரியும் படிக்கப்படும். குறை கூறியவர் தம் காரணத்தைச் சொல்வார். குறை கூறப்பட்டவர் விளக்கம் தருவார். இருதரப்பும் கேட்டபின் வகுப்பு முடிவு செய்யும். ஆசிரியரைப் பற்றிய குறையும் அங்கே எழுதப்படலாம். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்றல், எதிர்த்தரப்பைக் கேட்டபின் முடிவெடுத்தல் ஆகிய இரண்டும் குடியாட்சியின் அடிப்படைகள். இவற்றைச் சிறுவர்கள் தம் வகுப்பறைச் சிக்கல்களின் வழியாகவே பயின்றனர்.

செய்தி சுட்டபோது

1928ஆம் ஆண்டு ஃபிரெனே, சேன்-போல் என்னும் மற்றொரு மலையூருக்கு மாற்றம் பெற்றார். அவருடைய துணைவியார் எலீஸ், ஆசிரியராகவும் ஓவியக் கலைஞராகவும் விளங்கியவர். இவ்வூர்ப் பள்ளியின் நிலை வருந்தத்தக்கதாக இருந்தது. சுகாதார வசதிகளைச் செம்மைப்படுத்துமாறும், ஏழை மாணவருக்குக் கற்றல் பொருள்கள் வழங்குமாறும் ஃபிரெனே ஊராட்சியை வலியுறுத்தினார். அதனால் ஊர்த்தலைவருக்கும் அவருக்கும் இடையே பகைமை முளைத்தது.

அந்நிலையில், ஒரு மாணவன் தான் கண்ட கனவை எழுதினான். மாணவர்கள் ஊர்த்தலைவரை எதிர்த்து எழுந்து அவரைத் தாக்குவதாக அக்கனவு அமைந்திருந்தது. வகுப்பின் வழக்கப்படி அது அச்சேறியது. 1932ஆம் ஆண்டின் இறுதியில், மாணவர் எழுத்துகளை எடுத்துக்காட்டி, ஆசிரியர் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று குற்றஞ்சாட்டும் சுவரொட்டிகள் ஊரெங்கும் ஒட்டப்பட்டன. தலைநகரின் நாளிதழ்கள் வரை அச்செய்தி சென்றது. பெற்றோருள் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். சிலர் ஆசிரியரின் பக்கம் உறுதியாக நின்றனர். 1933ஆம் ஆண்டு ஏப்ரலில் எதிர்ப்பாளர் கூட்டம் பள்ளியை முற்றுகையிட்டது. இறுதியில் அரசு அவரைப் பணிமாற்றம் செய்தது. பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றியபின், ஃபிரெனே அரசுப் பள்ளியை விட்டு விலகினார்.

இந்நிகழ்ச்சி எழுப்பும் வினா எளிதானதன்று. மாணவரின் எழுத்து உண்மையானதாகவும் கட்டற்றதாகவும் இருக்க வேண்டும் என்றால், பெரியோருக்குப் பிடிக்காதவையும் அதில் வரும். அதேவேளையில், அச்சேறிய சொல் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. அது படிப்பவரின் மனத்தைத் தொடும். சிலரைப் புண்படுத்தவும் கூடும். ஒரு சிறுவனின் கனவை வகுப்பில் கேட்பது வேறு. ஊரார் கையில் தருவது வேறு. எதனை அச்சிடலாம், எதனை வகுப்புக்குள் வைத்துப் பேசலாம் என்னும் தெளிவு, கருத்துரிமையைப் போலவே இன்றியமையாதது. எனினும், பள்ளிக்கு வேண்டிய வசதியைக் கேட்ட குரலை அடக்க ஒரு சிறுவனின் கனவு கருவியாக்கப்பட்டது என்பதையும் மறுக்க இயலாது.

வான்ஸ் நகரில் புதுப்பள்ளி

சேன்-போலுக்கு அண்மையிலுள்ள வான்ஸ் நகரின் குன்றொன்றில் ஃபிரெனேயும் எலீஸும் தாமே ஒரு பள்ளியை எழுப்பினர். 1935ஆம் ஆண்டு அது தொடங்கியது. கட்டுமானப் பணியும் தோட்ட வேலையும் கல்வியின் பகுதிகளாயின. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ஏதிலியாக வந்த குழந்தைகளுக்கு இப்பள்ளி புகலிடம் அளித்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940ஆம் ஆண்டு ஃபிரெனே கைது செய்யப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தபோதும் தம் கல்விக் கொள்கைகளை எழுதினார். போருக்குப்பின் பள்ளி மீண்டும் இயங்கியது. அவரது வாழ்வைத் தழுவிய திரைப்படம் 1949ஆம் ஆண்டு வெளிவந்தது. 1957ஆம் ஆண்டு பன்னாட்டு ஆசிரியர் கூட்டமைப்பு உருவானது. 1966ஆம் ஆண்டு வான்ஸ் நகரில் மறைந்த ஃபிரெனே, தாம் பிறந்த கார் ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1991ஆம் ஆண்டு வான்ஸ் பள்ளியை அரசே விலைகொடுத்து வாங்கி அரசுப் பள்ளியாக்கியது. ஒருகாலத்தில் அரசுப் பள்ளியிலிருந்து வெளியேற நேர்ந்தவரின் முறை, பின்னர் அரசின் பாதுகாப்பைப் பெற்றது காலத்தின் தீர்ப்பாகும்.

எல்லை கடந்த எண்ணம்

இத்தாலியின் வோ என்னும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் மாரியோ லோதி இவ்வழியைப் பின்பற்றியோருள் குறிப்பிடத்தக்கவர். வகுப்பறைச் சாளரத்தின் வழியே சிறுவர்கள் கண்ட சிட்டுக்குருவிகளின் வாழ்விலிருந்து பிறந்த 'சிப்பீ' என்னும் கதைநூல், அவரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. அந்நூல் 1961ஆம் ஆண்டு வெளியாகி இன்றும் படிக்கப்படுகிறது.

வான்ஸ் பள்ளி தொடங்கி இரண்டாண்டுகளுக்குப்பின், 1937ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. நூற்றல், நெய்தல், உழவு போன்ற கைத்தொழிலின் வழியாகவே பிற பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அங்கே இராட்டை, இங்கே அச்சுப்பொறி. கருவிகள் வேறாயினும், கையும் அறிவும் ஒன்றாக இயங்க வேண்டும் என்பதிலும், சிற்றூர்ப் பிள்ளையின் வாழ்வு கல்விக்கு அடித்தளமாக வேண்டும் என்பதிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

உலோக எழுத்துகளின் காலம் முடிந்துவிட்டது. இன்று கைப்பேசியே அச்சகமும் அஞ்சலகமும் ஆகிவிட்டது. ஒரு நொடியில் செய்தி உலகைச் சுற்றுகிறது. ஆனால், அச்சுக்கோத்த சிறுவர்கள் செய்த நான்கு செயல்கள் இன்றும் மாறவில்லை: நேரில் சென்று காணுதல், கண்டதைத் தம் சொல்லில் எழுதுதல், பலரும் சேர்ந்து பிழை திருத்துதல், எழுதியதன்கீழ்ப் பெயரிட்டுப் பொறுப்பேற்றல். விரைவு மிகுந்த காலத்தில் இவற்றின் தேவையும் மிகுகிறது. ஊரைக் கூர்ந்து நோக்கும் மாணவருக்கு ஊரே பாடநூலாகும். அப்பாடநூலின் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமையும் பொறுப்பும் அவருக்கே உரியன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கைத்தொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் பயன்களையும் கேட்டு எழுதுக. எழுதியதை அவரிடமே படித்துக்காட்டித் திருத்தம் பெறுக.

2. வகுப்பில் ஒரு வாரம் சுவரிதழ் நடத்துக. வார இறுதியில் கூட்டம் கூட்டி, இருதரப்புக் கருத்துகளையும் கேட்டு முடிவுகளைப் பதிவு செய்க.

3. உங்கள் ஊரைப் பற்றி, வேறு மாவட்டப் பள்ளி மாணவர் கேட்கக்கூடிய பத்து வினாக்களை எழுதி, அவற்றுக்கு விடை திரட்டுக.

மதிப்பீடு

குறுவினா

1. ஃபிரெனே புதிய கற்பித்தல் முறையைத் தேடியதற்குரிய காரணம் யாது?

2. 'வாழ்க்கை நூல்' – குறிப்பு வரைக.

சிறுவினா

1. எழுத்துக் கோத்தலின் வழியே மாணவர் பெற்ற திறன்களைத் தொகுத்து எழுதுக.

2. சுவரிதழில் கையொப்பம் வேண்டப்பட்டதன் நோக்கத்தை விளக்குக.

நெடுவினா

சேன்-போல் ஊரில் மாணவனின் கனவு அச்சேறியது சரியா? இருதரப்புக் காரணங்களையும் ஆராய்ந்து உங்கள் முடிவைக் கட்டுரையாக்குக.